வக்கீலம்மா பதில்கள்: அடி விழுவது வீட்டில், திருப்பி அனுப்புவது ஸ்டேஷனில்

சென்ற இதழில், காதலித்து வீட்டை விட்டுக் கிளம்பும் மேஜர் பிள்ளைகளைப் போலீஸ் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "இது எங்களுக்கும் பொருந்துமா வக்கீலம்மா?" என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. ஒன்றில்கூட முழுப் பெயர் இல்லை. திருநங்கைகள், தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், ஒரு பெண் காவலர். ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் ஒரு அடி இருக்கிறது, அந்த அடியைக் கேட்க யாரும் இல்லாத வருத்தம் இருக்கிறது. இந்த இதழ்ப் பக்கம் முழுவதையும் இவர்களுக்கே தரச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டு வாங்கினேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

அக்கா, எனக்கு 23 வயது. பி.காம். முடித்து ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கூடப் படித்த தோழியும் நானும் சேர்ந்து வாழ ஆசைப்படுகிறோம். ஆடி மாதம் அண்ணன் என் போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, இஸ்திரிப்பெட்டி வயரால் அடித்தான். வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போய் வேப்பிலை அடித்தார்கள். இப்போது டவுனில் ஒரு டாக்டர் மாத்திரை தருகிறார், ஆறு மாதத்தில் மாறிவிடும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். தை பிறந்தால் மாமா மகனோடு கல்யாணமாம். நான் எங்கே போனாலும் போலீஸ் பிடித்து வந்து வீட்டில் விட்டுவிடும் என்கிறார்கள். உண்மையா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

உண்மை இல்லை, தங்கச்சி. 23 வயதுப் பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக அப்பா வீட்டில் கொண்டுபோய் விடும் அதிகாரம் எந்த ஸ்டேஷனுக்கும் கிடையாது. நீங்கள் விரும்புவது ஆணையா பெண்ணையா என்பதால் அது மாறாது. இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வது குற்றமும் இல்லை. வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வதற்கு, தன்பாலுறவைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்களைப் போலவே மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்குப் போனார்கள். இரண்டு வீட்டாரும் பெண்ணைக் காணோம் என்று புகார் கொடுக்க, போலீஸ் விசாரிக்க வந்தது. பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்குத் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம் 2021 ஜூன் 7 அன்று போட்ட உத்தரவு இது: காணவில்லை என்று புகார் வந்து, விசாரித்ததில் இருவரும் மேஜர், மனமொத்துத்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். எந்தத் தொந்தரவும் செய்யக் கூடாது.

2025 மே 22 அன்று வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உங்கள் கதைக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. வேலூர் மாவட்டத்தில் 25 வயதுப் பெண் ஒருவரைப் போலீசே வற்புறுத்திப் பெற்றோருடன் அனுப்பி வைத்தது. வீட்டில் அடித்தார்கள், சரியாக்குகிறோம் என்று சடங்குகள் செய்தார்கள். அடைத்து வைத்தவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவைத் தோழி போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணிடம் நேரிலேயே கேட்டது. அவர் விரும்பிய இடத்துக்குப் போகலாம், வீட்டார் குறுக்கிடக் கூடாது, கேட்டால் போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, தாங்களே தேர்ந்துகொண்டதும் குடும்பம்தான் என்றது. ஒன்றும் செய்யாமல் இருந்த போலீசையும் கண்டித்தது.

சரி, தீர்ப்பு இருக்கிறது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் சொந்தக்காரர் கூட்டத்துக்கு நடுவே நீங்கள் நிற்கும்போது அந்தத் தீர்ப்பு கூட வந்து நிற்காது. அதனால் முதலில் காகித வேலை.

கிளம்புவதற்கு முன் உங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள். பெயர், பிறந்த தேதி, "நான் மேஜர், என் சொந்த விருப்பத்தில் வீட்டை விட்டுப் போகிறேன், யாரும் என்னைக் கடத்தவில்லை, அண்ணனும் அப்பாவும் இன்ன தேதியில் அடித்தார்கள், கட்டாயக் கல்யாணம் செய்யப் பார்க்கிறார்கள், என்னை அவர்களோடு அனுப்பக் கூடாது" என்று. ஆதார் நகலை இணைத்து, உங்கள் மாவட்ட எஸ்.பி.க்கு ஒன்று, போய்ச் சேரும் ஊரின் எஸ்.பி. அல்லது கமிஷனருக்கு ஒன்று ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். தபால் ரசீதைப் போட்டோ எடுத்துத் தோழிக்கும் நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். தோழியும் அதே மாதிரி ஒன்று எழுதட்டும். ஏனென்றால் முதல் புகார் அவர்மேல்தான் வரும்: என் மகளை மயக்கிக் கடத்திவிட்டாள் என்று.

இரண்டாவது புகார் நகை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காதில் இருக்கும் தோடு, கழுத்துச் செயின், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, வைத்ததை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் சம்பளத்தில் வாங்கிய மோதிரமாக இருந்தாலும் சரி. "மகள் போனாள்" என்று தேடினால் சும்மா இருக்கும் ஸ்டேஷன், "இருபது பவுன் போச்சு" என்றால் மறுநாளே வண்டி எடுக்கும். நான் பார்த்த பெண்களை ஊருக்கு இழுத்து வந்தது பெரும்பாலும் இந்தத் திருட்டுப் புகார்தான். எடுத்துவர வேண்டியது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிகிரி சான்றிதழ், ஆதார், பேங்க் பாஸ்புக். சிம் அப்பா பெயரில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கிளம்ப முடியாத நிலை என்றாலும் வழி இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம் கணவனிடம் அடிவாங்கும் மனைவிக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ரத்த உறவுக்கும் பொருந்தும். அண்ணன்மேல், அப்பாமேல், அம்மாமேலும் மனுப் போடலாம். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். போக முடியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள். பிடுங்கி வைத்த சான்றிதழைத் திருப்பித் தரச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டால் முடியும்.

அந்த டாக்டர் விஷயம். ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று வைத்தியம் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே அறிவித்துவிட்டது. மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்க அது வேண்டும். ஆனால் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். சில மனநல மருந்துகளைச் சட்டென்று விட்டால் உடம்பு தாங்காது. வேறொரு டாக்டரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். மனது மிகவும் கலங்கினால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

பெற்றோர் அடிப்பது பிள்ளைமேல் உள்ள பாசத்தால்தானே? இதையும் வன்முறை என்று எழுதினால் நாளைக்கு எந்தப் பெற்றோர் பிள்ளையைக் கண்டிக்க முடியும்?
— ஒரு வாசகர், கரூர்

ஐயா, பாசம் உங்களுக்கு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மேலே இருக்கும் கடிதத்தில் வயரால் அடித்ததைப் படியுங்கள். இதே அடியை மாப்பிள்ளை அடித்திருந்தால் அந்த அப்பா என்னிடம் வந்து என்ன சொல்லியிருப்பார்? "என் பெண்ணை மாட்டை அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கான் வக்கீலம்மா, உள்ள தள்ளுங்க" என்றுதான். அடி அதேதான், முதுகும் அதேதான். வளர்ந்த பிள்ளையை அடித்து யாரை விரும்ப வேண்டும் என்று மாற்றிய ஒரு வீட்டையும் நான் பார்த்ததில்லை. பிள்ளையை இழந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா, என் மூத்த பிள்ளை பையனாகப் பிறந்தது. பதினாறு வயதில் புடவை கட்டிப் பார்த்ததற்காக என் வீட்டுக்காரரும் கொழுந்தன்மாரும் தென்னைமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அன்று போன பிள்ளை. இப்போது சென்னையில், திருநங்கைகள் சேர்ந்து வாழும் ஜமாத்தில் இருக்கிறது, திருநங்கை. பக்கத்து வீட்டுப் போனில் ரகசியமாகப் பேசுகிறேன். பொங்கலுக்கு வரச் சொல்லலாமா? நிலத்தில் அதற்குப் பங்கு இல்லை என்று கொழுந்தன்மார் சொல்கிறார்கள்.
— தஞ்சாவூர் மாவட்டம்

அம்மா, முதலில் ஒன்று. அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் என்ன என்று கேட்டு, அடுத்த முறை போனில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆறு வருடமோ ஏழு வருடமோ, அவள் வீட்டிலிருந்து கேட்கக் காத்திருக்கும் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

மரத்தில் கட்டி அடித்ததும், வீட்டை விட்டு ஓடும்படி செய்ததும் குற்றம். திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லாரும்) உரிமைப் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு விஷயம் சொல்கிறது. திருநர் என்ற காரணத்துக்காகப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. குடும்ப வீட்டில் குடியிருக்கவும், வீட்டை மற்றவர்களைப் போலவே பயன்படுத்தவும் அவருக்கு உரிமை உண்டு. வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. பொங்கலுக்கு அவள் வருவதைக் கொழுந்தன்மார் தடுத்தால் அந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம்.

ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காகப் போகியன்று ராத்திரி தனியாக பஸ் ஏறி வரச் சொல்லாதீர்கள். வீட்டில் அன்று யார் இருப்பார்கள், யார் குடிப்பார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். முதல் சந்திப்பு வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று இல்லையே. பெரிய கோயிலிலோ உங்கள் பிறந்த வீட்டிலோ பாருங்கள். கூட அவளுடைய குருவோ தோழியோ வரட்டும். ஜமாத்துக்காரர்கள் என்று அவர்களை ஒதுக்காதீர்கள் அம்மா. பதினாறு வயதில் நடுரோட்டில் நின்றவளுக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள்.

நிலம். மாமனார் சம்பாதித்ததா, பரம்பரையாக வந்ததா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். பரம்பரைச் சொத்து என்றால், 2005ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும். அதனால் உங்கள் பிள்ளையை மகன் என்று எழுதினாலும் ஒரு பங்கு, மகள் என்று எழுதினாலும் ஒரு பங்கு. "இது இரண்டிலும் சேர்த்தி இல்லை" என்று சொல்லிக் கழிக்க வழியே கிடையாது. பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும் எடுத்து உங்கள் ஊர் வக்கீலிடம் காட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: இத்தனை வருடம் கழித்து வரும் பிள்ளையைக் கறி ஆக்கிப் போட்டுக் கொஞ்சி, மறுநாள் சார் பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போய் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் சொந்தங்கள் உண்டு. எந்தப் பத்திரத்திலும் அன்றைக்கே கையெழுத்துப் போடக் கூடாது என்று அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மேலே சொன்ன மே மாதத் தீர்ப்பில், எல்லா அம்மாவும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்ற பொருளில் நீதிபதிகள் எழுதியிருந்தார்கள். நீதிபதியாக இருந்தவர் லீலா சேத். தன்பாலீர்ப்பு கொண்ட தம் மகனுக்காக வெளிப்படையாகப் பேசியவர். நீங்கள் பக்கத்து வீட்டுப் போனைக் கடன் வாங்கிப் பேசுகிறீர்கள். எனக்கு உங்களையும் அந்த வரிசையில்தான் வைக்கத் தோன்றுகிறது.

வக்கீலம்மா, நான் திருநங்கை, கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைக்கிறேன். பைபாஸ் பக்கம் நடந்து வரும்போது மூன்று பேர் பைக்கில் வந்து இழுத்துப் போனார்கள். அடித்து, அசிங்கப்படுத்தி, பணத்தையும் பறித்துக்கொண்டார்கள். ஸ்டேஷனில் "அந்த நேரத்துல அங்க உனக்கு என்ன வேலை?" என்றார்கள். ரெண்டு நாள் கழித்துச் சின்னக் கேஸ் மாதிரி ஒன்று போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு நடந்தால் அது கற்பழிப்பு ஆகாதா?
— சேலம் மாவட்டம்

ஆகும். நடந்தது பாலியல் வன்கொடுமை. இதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம்.

மேலே சொன்ன 2019 திருநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, திருநர் ஒருவரை உடலாலோ பாலியலாலோ துன்புறுத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் என்கிறது. பெண்ணுக்கு நடந்தால் குறைந்தது பத்து வருடம், ஆயுள் வரை போகலாம். ஒரே குற்றம், ஆளைப் பார்த்துத் தண்டனை. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் வன்கொடுமைக்கான 63ஆம் பிரிவு "ஒரு ஆண், ஒரு பெண்ணுக்கு எதிராக" என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. பழைய 377, சம்மதத்தோடு வாழ்பவர்களை மிரட்டப் பயன்பட்ட பிரிவு. ஆனால் சம்மதம் இல்லாமல் நடந்த கொடுமைக்கு ஆண்களும் திருநங்கைகளும் அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் வந்தபோது அந்தப் பிரிவை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் வேறொன்றும் வைக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே மத்திய அரசிடம் இதைக் கேட்டது.

ஆனாலும் உங்கள் கேஸ் 18ஆம் பிரிவோடு நிற்க வேண்டியதில்லை. பணத்தைப் பறித்தது கொள்ளை. இழுத்துப் போனது கடத்தல், அடைத்து வைத்திருந்தால் அது தனிக் குற்றம். கட்டையோ கத்தியோ இருந்தால் ஆயுதத்தால் காயப்படுத்தியது. இவை ஆண், பெண், திருநங்கை யாருக்கு நடந்தாலும் ஒன்றுதான், தண்டனையும் பெரிது. அதோடு பாலியல் குற்றப் பிரிவுகளையும் கேளுங்கள். நீங்கள் பெண் என்பதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு 2014 ஏப்ரல் 15 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. திருநங்கையும் மணப்பெண்தான் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. பாலியல் சீண்டல் புகாரைத் திருநங்கை கொடுக்கலாம் என்பதை 2018ல் டெல்லியில் போலீசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. வாதாட இடம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? போகவில்லை என்றால் இப்போதாவது போங்கள். டூட்டி டாக்டரிடம் யார் அடித்தது, எங்கே, எப்போது என்று சொல்லி ஏ.ஆர். என்ட்ரி, அதாவது ஆஸ்பத்திரியின் காயப் பதிவேட்டில் பதிவு, போடச் சொல்லுங்கள். "கீழே விழுந்தேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கூட வரும் போலீஸ் அப்படிச் சொல்லச் சொன்னாலும் வேண்டாம். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் பேப்பர் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் வேண்டாம். அன்று யார் யாருக்குப் போன் செய்தீர்கள் என்பதை அழிக்காதீர்கள்.

ஸ்டேஷனில் புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பினால், அது வழக்குப் பதிந்த எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அதன் நகலைக் காசில்லாமல் தர வேண்டும். வாங்கிப் படித்துப் பாருங்கள். நீங்கள் சொன்னதில் எதை விட்டிருக்கிறார்கள் என்று குறித்து, அதை அப்படியே எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். இதற்கு வக்கீல் பீஸ் இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள்; 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவும், அடித்தவர்கள் வேறு சாதியாகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். திருநங்கை ஆனதால் சாதி போய்விடுவதில்லை, அந்தப் பாதுகாப்பும் போய்விடுவதில்லை. அதில் அரசு நிவாரணத் தொகை உண்டு, குற்றவாளிக்கு முன்ஜாமீனும் எளிதில் கிடைக்காது.

"அங்க உனக்கு என்ன வேலை?" என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டாம். ரோடு எல்லாருக்கும் பொது. 2006ல் சென்னை வியாசர்பாடியில் ஒரு திருநங்கையைத் திருட்டுக் கேஸ் விசாரணை என்று ஸ்டேஷனுக்கு வரவழைத்து வரவழைத்துக் கொடுமைப்படுத்தினார்கள். தாங்காமல் தீ வைத்துக்கொண்டார். அவருடைய சகோதரி வழக்குப் போட்டு, 2007ல் உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வாங்கித் தந்தது. போன உயிருக்கு அது விலை இல்லை. ஆனால் காக்கிச் சட்டையும் கணக்குச் சொல்ல வேண்டும் என்று இந்த ஊரில் எழுதி வைத்தது அந்தச் சகோதரிதான்.

மேடம், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டேட்டிங் ஆப்பில் பழகிய ஒருவர் ரூமுக்குக் கூப்பிட்டார். போனதும் நாலு பேர் வந்து சட்டையைக் கழற்றி வீடியோ எடுத்தார்கள். ஜிபேயில் 18,000 அனுப்பினேன். இன்னும் கேட்கிறார்கள். புகார் கொடுத்தால் என்மேலேயே கேஸ் வருமா? வீட்டுக்குத் தெரிந்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்.
— திருப்பூர்

தம்பி, உங்கள்மேல் கேஸ் வராது. ஆணோடு பழகப் போனது குற்றம் இல்லை. அவர்கள் செய்தது பணம் பறிப்பு, புதிய சட்டத்தில் 308ஆம் பிரிவு. அனுமதி இல்லாமல் அந்தரங்கப் படம் எடுத்ததற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. இந்தக் கும்பல்கள் நம்பி இருப்பதெல்லாம் உங்கள் பயத்தை மட்டும்தான்.

இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கொடுக்கக் கொடுக்கக் கேட்பார்கள். பயத்தில் ஆப்பையும் சாட்டையும் அழித்துவிடாதீர்கள். பணம் போன யு.பி.ஐ. எண், பரிவர்த்தனை எண், மிரட்டல் மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்தால் பணம் போன கணக்கை முடக்கப் பார்ப்பார்கள். உள்ளூர் ஸ்டேஷனில் தெரிந்தவர் இருப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் வேறு எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எல்லை காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. புகாரின் கடைசி வரியாக, "தொடர்புக்கு இந்த எண் மட்டும், வீட்டு முகவரிக்குச் சம்மன் வேண்டாம், தகவல் சொன்னால் நானே வருகிறேன்" என்று எழுதுங்கள். நான் அனுப்பும் ஒவ்வொரு பெட்டிஷனிலும் இதை எழுதுவேன், நிறைய இடத்தில் மதிக்கிறார்கள்.

கடைசி வரியில் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைப் படித்ததும் 14416க்குப் பேசுங்கள், பேர் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகை ஆபீசுக்கு ஒரு போன் போட்டாலும் என் எண்ணைத் தருவார்கள்.

எங்கள் கல்லூரி விடுதியில் ஒரு திருநம்பி (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்) மாணவரை மற்ற மாணவர்கள் பாத்ரூமில் அடைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நிர்வாகம் "விளையாட்டு" என்கிறது. உதவிப் பேராசிரியையாக நான் என்ன செய்யலாம்?
— திருநெல்வேலி

அது ராகிங். பல்கலைக்கழக மானியக் குழு 2016ல் செய்த திருத்தத்தில் திருநர் என்பதற்காகவோ பாலீர்ப்புக்காகவோ ஒரு மாணவரை அடிப்பது, கேலி செய்வது, ஒதுக்குவது எல்லாம் ராகிங் என்று எழுதியே இருக்கிறது. 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு எண்ணில் புகார் கொடுங்கள். அந்த மாணவர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. 18 வயது முடியாதவர் என்றால், நடந்ததில் பாலியல் தொந்தரவும் இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும். அதில் ஆண் பெண் பேதம் கிடையாது. ஒன்றே ஒன்று: அந்த மாணவரைக் கேட்காமல் அவர் வீட்டுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். தான் யார் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாரா என்று உங்களுக்குத் தெரியாது.

மேடம், நான் மகளிர் ஸ்டேஷனில் ஏட்டு. போன மாதம் இரண்டு பெண்கள் வந்தார்கள். பின்னாலேயே ரெண்டு வீட்டாரும் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். அந்த அம்மா என் காலைப் பிடித்து அழுதது. "எழுதி வாங்கிட்டு அனுப்பிடுவோம், பெத்தவங்க பாத்துப்பாங்க" என்று ஸ்டேஷனில் பேசினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வெளியிட வேண்டாம்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. இந்த இதழில் நான் அதிகம் எதிர்பார்த்த கடிதம் உங்களுடையது.

"எழுதி வாங்கிக்கொண்டு" அனுப்பும் அந்தத் தாள் யாரையும் காப்பாற்றாது. "இனி அடிக்க மாட்டோம்" என்று அப்பா போட்ட கையெழுத்தோடு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தியதும் இரண்டு மடங்கு அடி வாங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வேலூர் வழக்கில் நடந்ததும் இதுதான்.

தமிழ்நாட்டில் சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 2022ல் 24-சி என்று ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். பால்புதுமையினரையும் (தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், திருநர் போன்றோர்) அவர்களுக்கு உதவி செய்பவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்பது அந்த விதி. மேலதிகாரி "அனுப்பிடு" என்றால், அந்த விதியையும் 2021 உத்தரவையும் காட்டி, "நாளைக்கு ஆட்கொணர்வு மனு வந்தா நாமதான் ஐயா பதில் சொல்லணும்" என்று சொல்லிப் பாருங்கள். இந்த வாக்கியம் வேலை செய்யும்.

நடைமுறையில், முதலில் இரண்டு பெண்களையும் சொந்தக்காரர் கண்ணில் படாத அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுங்கள். தனித்தனியாகப் பேசுங்கள். வயதுக்கு ஆதாரம் பாருங்கள். யாருடன் போக விருப்பம், வீட்டில் அடித்தார்களா, இப்போது காயம் இருக்கிறதா என்று கேட்டு அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள்? 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்கே இதைத்தான் சொன்னது: இப்படிப்பட்டவரிடம் தனிமையில் பேசுங்கள், வீட்டார் அழுத்தம் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள், மனதை மாற்றுவதற்காகக் கவுன்சிலிங்குக்கு அனுப்பாதீர்கள் என்று. காயம் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு மெமோ போடுங்கள், வழக்குப் பதியுங்கள். காணவில்லை என்ற புகார் வேறு ஸ்டேஷனில் இருந்தால் வாக்குமூலத்தை அங்கே அனுப்பினால் போதும், ஆளை அனுப்ப வேண்டாம்.

அழுத அந்த அம்மாவிடமும் கோபப்படாதீர்கள். "உன் பெண் உயிரோட இருக்கா, எங்க இருக்கான்னு அவளே ஒருநாள் உனக்கு போன் பண்ணுவா" என்று சொல்லி உட்கார வையுங்கள்.

அப்புறம், வாக்குமூலத்தில் அவர்கள் தங்கப்போகும் முகவரி இருக்கும். அதன் நகலை ரைட்டர் மேஜைமேல் விட்டுவிடாதீர்கள், வீட்டார் கேட்டாலும் தராதீர்கள். வேன் வாசலில் நிற்கும்போது பெண்களை வெளியே விடாதீர்கள். ஜீப்பில் ஏற்றி பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டு, பஸ் கிளம்பும் வரை ஒரு பெண் காவலரைக் கூட நிற்கச் சொல்லுங்கள். எந்த ஊர் பஸ் என்று ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.